மணிலாக்காரப் பெண்ணும் இரண்டு பெட்டி ஐஸும்

நுவரெலியாக் குளிரில், கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, ஐஸ் தின்ன வேண்டும் என்று ஒரு பெண் அழுதாள். அப்போது நான் அந்த ஊரில் ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் வேலை பார்த்தேன். ஐஸ் அறை என் பொறுப்பு. கொழும்பிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை மரத்தூள் அடைத்த பெட்டிகளில் ஐஸ் பெரிய ரயிலில் நானுஓயாவுக்கு வரும். அங்கே சின்ன ரயிலுக்கு மாற்றி எங்கள் ஊருக்கு அனுப்புவார்கள். வந்து சேரும்போது முக்கால்வாசிதான் மிஞ்சியிருக்கும். அதைச் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றி, விருந்தாளிகளின் கண்ணாடித் தம்ளருக்கு ஏற்றபடி உடைத்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தேன். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டது ஹோட்டலில்தான். அதுவும் தட்டு, கரண்டி, சூடு, குளிர் என்ற அளவில்தான்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஒரு பையன் பிறந்தான். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டு லயத்திலேயே இருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எனக்கு லீவு கிடைக்கும். போய் ஒரு பகல் இருந்துவிட்டு வருவேன். பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது நெஞ்சில் சளி கட்டியது. ஜனவரி மாதம், செடியெல்லாம் உறைபனியில் கருகிக் கிடந்த சமயம். ஒருநாள் மத்தியானம் சின்ன ரயிலில் வந்த எங்கள் தோட்டத்து ஆள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஒங்க புள்ளைக்கு ரொம்ப முடியலைங்க. ஒடனே வரச் சொன்னாங்க" என்றான்.

அன்றைக்கு ஹோட்டலில் தோட்டத் துரைமாரின் விருந்து. நான் பட்லரிடம் போய் நின்றேன். அவரும் எங்கள் சனம்தான், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். வெள்ளைத் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுமாக எப்போதும் விறைப்பாக இருப்பார்.

"விருந்து முடியட்டும்ப்பா. விடிஞ்சதும் கெளம்பிப் போ. புள்ளைங்கன்னா சளி பிடிக்கிறதுதானே" என்றார்.

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை என்னை அரிப்பது அதுதான். ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பட்லர் என்னைக் கட்டிப்போடவில்லை.

மறுநாள் காலையில் நான் லயத்துக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். என் மனைவி லயத்தில் எங்கள் அறையான காம்பராவின் வாசலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தது பன்னிரண்டு நாளைக்கு முன்னால். அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதமே அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் இருக்கும் வரிசையில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். வெளுத்த துணிகளை மடித்து அடுக்கும் வேலை அவளுக்கு. அவள் மடித்தாள், சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிள்ளையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவன் எப்படிப் போனான் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் தூங்குவதுபோல் நடித்தோம்.

ஏப்ரலில் சீசன் தொடங்கியது. கொழும்புத் துரைமார் குடும்பத்தோடு மேலே வந்தார்கள். அவர்கள் ஆடுவதற்கு வாத்தியம் வாசிக்க அந்த வருடம் மணிலாவிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். அதை நான் சொன்னபோது என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அம்மா கடலைய மணிலாக்கொட்டைம்பாங்க. அந்த ஊரா?"

"அந்த ஊராத்தான் இருக்கும்."

"அவ்வளவு தூரத்துலருந்தா வந்திருக்காங்க" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு அது.

ஐந்து பேரில் கிளாரினெட் வாசித்தவர் மனைவியோடு வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. நம் பெண்களைப் போலவே மாநிறம், குட்டையான உருவம், கழுத்தில் செபமாலை. பஜாரில் அவளை மலாய்க்காரப் பெண் என்று நினைத்தார்கள். வயிற்றில் ஐந்து மாதம். துரைமார் தங்கும் பக்கத்தில் அவர்களுக்கு இடம் இல்லையென்று எங்கள் வரிசையின் கடைசி அறையைக் கொடுத்தார்கள். அது எங்கள் அறைக்கு அடுத்தது.

மே மாதம் சீசன் முடிந்து வாத்தியக்காரர்கள் கொழும்புக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவளுக்கு உதிரம் பட ஆரம்பித்தது. பிள்ளை பிறக்கும்வரை ரயிலில் உட்காரக் கூடாது, கட்டிலைவிட்டு அதிகம் இறங்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மானேஜர் துரையின் மனைவி இரக்கப்பட்டு அந்த அறையிலேயே இருக்கட்டும் என்றார். புருஷன் போய்த்தான் ஆக வேண்டும். போகிற அன்று காலையில் அவர் எங்கள் வாசலுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் மனைவியைப் பார்த்தார், தன் அறையைக் காட்டினார், கையைக் கூப்பினார். அப்படிக் கும்பிடுவதை எங்களைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

"நான் பாத்துக்கிறேன், போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி தமிழில். அவருக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி ரசம் வைத்துக் கொடுத்தாள், கஞ்சி காய்ச்சினாள், அரிசிப் புட்டு அவித்துக் கொண்டுபோனாள். புட்டைப் பார்த்ததும் அவள், "புத்தோ! புத்தோ!" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் ஊரிலும் அரிசி மாவில் அவித்ததற்கு ஏறக்குறைய அதே பேர்தானாம். மாங்காய் என்றாலும் அவளுக்குப் புரிந்தது. ஆனால் இரண்டு வாய்க்கு மேல் எதுவும் உள்ளே போகவில்லை. ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என் மனைவி சமையற்கட்டுப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"என்னமோ கேக்குதுங்க அந்தப் புள்ள. ஒரே அழுகை. நீங்க வந்து என்னன்னு கேளுங்க."

நான் போய்க் கேட்டேன். அவளுக்கும் என் அளவுக்குத்தான் இங்கிலீஷ். "ஐஸ்" என்றாள். அது புரிந்தது. "ஹாலோ ஹாலோ" என்றாள். கையில் கரண்டி பிடித்ததுபோல் வைத்துக்கொண்டு ஒரு தம்ளரைக் கலக்குவதாகக் காட்டினாள். கலக்கு கலக்கு என்று அதற்கு அர்த்தம். அவர்கள் ஊர் வெயிலில், கடற்கரைத் தெருவில், ஜப்பான்காரர்கள் கடை போட்டிருப்பார்களாம். ஐஸைப் பொடியாகச் சீவி, இனிப்பில் வேகவைத்த பயறு, பழம் எல்லாவற்றின்மேலும் கொட்டி, பால் ஊற்றித் தருவார்களாம். அதைக் கலக்கிச் சாப்பிட வேண்டும். இவ்வளவையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆனது.

"மொங்கோ" என்றாள். எனக்குப் புரியவில்லை. என் மனைவி சிங்களக்காரப் பெண்களோடு துணி மடிக்கிறவள். "முங்-னு சொல்லுதுங்க. பாசிப்பயறு. சிங்களத்துல அப்பிடித்தானே சொல்வாங்க" என்றாள். ஓடிப்போய் நாலு பயறைக் கொண்டுவந்து உள்ளங்கையில் காட்டினாள். அதேதான்.

அடுத்து அந்தப் பெண், "லங்கா" என்றாள்.

"ஆமா, லங்காதான். இது லங்காதான்" என்றேன் நான்.

அவள் தலையை ஆட்டினாள். "லங்கா, லங்கா" என்று மறுபடியும் அழுகை. இந்த ஊர் பிடிக்கவில்லை என்கிறாளா, வேறு எங்காவது போக வேண்டும் என்கிறாளா என்று நான் முழித்தேன். அவள் இரண்டு கையையும் அகலமாக விரித்துப் பெரிதாக எதையோ காட்டினாள். விரல் நுனியால் போர்வையை முள்முள்ளாகக் குத்தினாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்தாள். பிசின்.

"பலாப்பழங்க!" என்று கத்தினாள் என் மனைவி. "பலாப்பழத்த கேக்குது!"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். என் மனைவியின் சிரிப்பை நான் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நுவரெலியா உயரத்தில் பலா காய்க்காது. பஜாரில் பழக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் சொன்னேன். "கம்பளையில இருந்து லொறி வருது, சொல்லி விடுறேன். புள்ளத்தாச்சிக்குன்னு சொல்றீங்க, இல்லன்னு சொல்ல ஏலுமா" என்றார். மூன்றாம் நாள் பாதிப் பழம் வந்தது. கித்துள் மரத்துக் கருப்பட்டியும் அவரே கொடுத்தார். டின்பால் எங்களிடமே இருந்தது. ஐஸைச் சீவுவது எப்படி என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஹோட்டல் தச்சரிடம் இழைப்புளியை வாங்கி, நன்றாகக் கழுவி, கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். பெட்டியின் அடியில் கிடந்த ஒரு ஐஸ் துண்டைச் சாக்கில் பிடித்து இழைப்புளியின் அலகின்மேல் தள்ளினேன். பொடி விழுந்தது. முதல் கை பொடியில் மரவாடை அடித்ததால் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதைத் தம்ளரில் பிடித்தேன்.

என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். "பனி விழுந்து கொழுந்து கருகிப்போனா பேர் இல்லாம, கூலி இல்லாம நின்னிருக்கோம். இதப் போயி யாராச்சும் திம்பாங்களா?" என்றாள். சொல்லிக்கொண்டே கருப்பட்டியில் வெந்த பயறை அடியில் போட்டாள். அதன்மேல் பலாச்சுளையைக் கீறிப் போட்டு, ஐஸை வைத்து, பாலை ஊற்றினாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்திருந்தது. அந்தப் பெண் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கலக்கிக் கலக்கிச் சாப்பிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது, தோள் நடுங்கியது. ஆனாலும் தம்ளரை விடவில்லை. அடியில் இருந்ததையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டு, வயிற்றைத் தொட்டு, பிள்ளை உதைக்கிறது என்று காட்டினாள். பிறகு என் மனைவிக்கும் ஒரு கரண்டி ஊட்டினாள்.

"ஐயோ, பல்லு கூசுதுங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் என் மனைவி. கண்ணில் நீர் வந்துவிட்டது. அது கூச்சத்தினால் வந்த நீர் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நிற்கவே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது அதைச் செய்தோம். மேசைக்கு ஆகாத அடித்துண்டுகள்தானே என்று பட்லரும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெண் ஓரளவு தேறினாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சட்டை தைத்தார்கள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. ஆனாலும் நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அடுத்த அறையில் பேச்சுக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஜூன் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, ஹட்டனுக்குக் கீழே வட்டவளைப் பக்கம் மண் சரிந்து ரயில் பாதையை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. அதனால் அந்த வாரம் இரண்டாவது தடவை வர வேண்டிய ஐஸ் வரவில்லை. அறையில் இரண்டு பெட்டி இருந்தது. சனிக்கிழமை தோட்டத் துரைமாரின் விருந்து. அதுவரைக்கும் அந்த இரண்டு பெட்டியைத் திறக்கக் கூடாது என்று பட்லர் சொல்லிவைத்தார்.

வியாழக்கிழமை காலையில் அந்தப் பெண்ணுக்கு வலி கண்டது. ஒரு மாதத்துக்கு மேல் முந்திக்கொண்டது. மழையில் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரி மருத்துவச்சி வந்தார். பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற குழந்தை. அழுகைச் சத்தம் பூனைக்குட்டி அளவுக்குத்தான் இருந்தது. மருத்துவச்சி உதட்டைப் பிதுக்கினார். தாய்க்கு அது தெரிந்துவிட்டது. அவள் செபமாலையைக் காட்டி, குழந்தையின் நெற்றியைக் காட்டி, தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, என் மனைவி அந்த வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்லி, விரலால் மூன்று தடவை தண்ணீர் விட்டாள். ஒரு மணிக்குக் குழந்தை அடங்கிவிட்டது.

"இன்னிக்கே அடக்கம் பண்ணிருங்க. தாய் ரொம்ப பலகீனமா இருக்கு, பக்கத்துல வச்சிருக்கக் கூடாது" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனார்.

நான் தபால் கந்தோருக்குப் போய்க் கொழும்புக்குத் தந்தி கொடுத்தேன். சாயங்காலம் பதில் வந்தது. வருகிறேன், காத்திருங்கள் என்று மட்டும் இருந்தது. தபால்காரர் படித்துச் சொன்னதை அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரயிலே இல்லாம எப்பிடி வருவாரு? நாளைக்கு வருவாரோ, நாளன்னைக்கு வருவாரோ. அதுவரைக்கும் எப்பிடி வச்சிருக்கிறது?" என்றேன் என் மனைவியிடம், மெதுவாக, வாசலில் நின்றுகொண்டு.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். ஜனவரிக்குப் பிறகு அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வரட்டும். எத்தன நாளானாலும் வரட்டும். இவராவது மொகத்தப் பாக்கட்டும்ங்க."

ஐஸ் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நேராகப் போய், ஒரு பெட்டியை உடைத்தேன்.

துணி ஊறவைக்கும் தகரத் தொட்டி ஒன்றைக் கழுவி அறைக்குள் கொண்டுவந்தோம். அடியில் மரத்தூள், அதன்மேல் ஐஸ், அதன்மேல் மெழுகுத்துணி. தைத்து வைத்திருந்த சட்டையைப் போட்டு, தாயின் வெள்ளைச் சால்வையில் சுற்றி, என் மனைவி குழந்தையை அதில் கிடத்தினாள். சுற்றிலும் ஐஸை அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடினோம். முகத்தை மட்டும் மூடவில்லை. கணப்புச் சட்டியை வெளியே எடுத்துவிட்டோம். தாய் மூன்று கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். என் மனைவியும் அந்த அறையைவிட்டு நகரவில்லை.

ஐஸ் உருக உருக மாற்ற வேண்டும். உருகிய தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்ட என் மனைவி விடவில்லை. யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து, வேலியோரத்து மரத்தடிக்குக் கொண்டுபோய் ஊற்றுவாள். அவள் விரலெல்லாம் சிவந்து வெடித்துவிட்டது. கொழுந்து பறிக்கிற காலத்தில்கூட அவள் கை அப்படி ஆனதில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் மழை. யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம் இரண்டாவது பெட்டியையும் உடைத்தேன்.

சனிக்கிழமை காலையில் பட்லர் ஐஸ் அறைக்கு வந்தார். ஒரு பெட்டி காலி. மற்றதில் அரைக்கால்வாசி இருந்தது.

"எங்கடா ஐஸு? இன்னிக்கு விருந்துன்னு தெரியுமா தெரியாதா? வித்துட்டியா?"

"விக்கலைங்க. வாங்க, காட்டுறேன்."

நான் முன்னால் நடந்தேன். அவர் கடைசி அறையின் வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தார். தொட்டியைப் பார்த்தார், குழந்தையின் முகத்தைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த பெண்ணைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்திருக்கவில்லை.

"இவுங்க புருஷன் வந்துகிட்டிருக்காருங்கய்யா. வந்து பாக்கணும்" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "எங்க புள்ளைய இவரு பாக்கல" என்றாள்.

பட்லரின் கை தலைப்பாகைக்குப் போனது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தலை முழுக்க நரைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். "மிச்சம் இருக்கிறதையும் எடுத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மனிதர் வந்து சேர்ந்தார். மண் சரிந்த இடம்வரை ரயிலில் வந்து, சேற்றை நடந்தே தாண்டி, ஹட்டனிலிருந்து ஒரு லொறியில் ஏறி வந்திருந்தார். தொடைவரை சேறு. ஒரு கையில் கிளாரினெட் பெட்டி. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். என் மனைவி அதை வாங்கி வைத்துவிட்டு, செம்பில் சுடுதண்ணீர் கொடுத்தாள். அவர் கையைக் கழுவினார். உள்ளே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார்.

குழந்தை பிறந்தபடியே இருந்தது. நிறம் மட்டும் மாறியிருந்தது. அவர் ஒரு விரலால் அதன் புருவத்தைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், தாடையைத் தொட்டார். தன் பாஷையில் மனைவியிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். இரண்டு பேரும் குழந்தையின் முகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. யார் ஜாடை என்று பார்த்திருப்பார்கள். பிறகு அவர் குழந்தையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். ஐஸ் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் வழிந்தது. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

மரத்தடியில் கடைசி வாளியை ஊற்றிவிட்டு என் மனைவி அங்கேயே நின்றாள்.

"நம்ம புள்ளைக்குக் கடைசியில மொகம் தெளிஞ்சிருந்துச்சுங்க" என்றாள். "சளியில திணறுனான்ல, அதெல்லாம் போயி நல்லா தூங்குற மாதிரி. வாய் கொஞ்சம் தொறந்திருந்துச்சு. கீழ்ப்பல்லு ரெண்டு வந்திருந்துச்சே, அது தெரிஞ்சுது. நீங்க வாங்கிட்டு வந்த செவப்புச் சட்டையப் போட்டுத்தான் அனுப்புனேன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். காது எப்படி இருந்தது, முடியை எப்படிச் சீவிவிட்டாள், யார் தூக்கிப் போனது, எந்தப் பாதையில் போனார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். நான் மழையில் நின்று கேட்டேன். பல் முளைத்தது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் குழந்தையைக் கிறிஸ்தவர்களின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். தண்ணீர் ஊற்றியபோது என்ன சொன்னாய் என்று பாதிரியார் என் மனைவியிடம் கேட்டார். அவள் அந்த வார்த்தைகளைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அந்த ஞானஸ்நானம் போதும் என்று அவர் தலையசைத்தார். தச்சர் ஒரு சின்னப் பெட்டியும் மரச் சிலுவையும் செய்து கொடுத்திருந்தார்.

விருந்தில் ஐஸ் இல்லாததற்கு மண்சரிவுதான் காரணம் என்று பட்லர் சொல்லிச் சமாளித்தார். ஆனால் இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? திங்கட்கிழமை மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டார். விருந்தாளிகள் குடிப்பதில் போடும் ஐஸைப் பிணத்துக்குப் பயன்படுத்தியவனை இனிமேல் சமையற்கட்டில் வைத்திருக்க முடியாது என்றார். அவர் பக்கத்திலேயே பட்லர் நின்றார். எனக்காகப் பேசுவார் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒருநாள் அப்படித்தான் பேசாமல் நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுந்து நடக்கப் பத்து நாள் ஆனது. அதுவரை எங்களை அறையில் இருக்கவிட்டார்கள். ரயில் பாதை சரியானதும் அவர்கள் கொழும்புக்குக் கிளம்பினார்கள். நானுஓயா ஸ்டேஷன்வரை போனோம். வண்டி புறப்படும்போது இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு, ஏதேதோ சொல்லிக்கொண்டார்கள். என் மனைவி வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு மேடை முடிந்துவிட்டது.

நாங்கள் தோட்டத்துக்கே திரும்பிப் போனோம். எனக்குக் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை கிடைத்தது. அவள் மறுபடியும் கூடையை மாட்டினாள். எங்கள் பையனைப் புதைத்த சரிவில் செடிகளைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டிருந்தார்கள். இன்ன இடம் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. மலைக்கு வேலைக்குப் போகும்போது, இங்கேதான் இருக்கும் என்று அவள் ஒரு பக்கமாகக் கையைக் காட்டுவாள். பிறகு எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து நல்லபடியாக வளர்ந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து மணிலாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹோட்டல் விலாசத்துக்கு வந்ததைப் பட்லர் யார் கையிலோ கொடுத்தனுப்பியிருந்தார். தோட்டத்துக் கிளாக்கர் ஐயா படித்துச் சொன்னார். இருவரும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். வேறு குழந்தை இல்லையாம். சிலுவை இன்னும் நிற்கிறதா, மழை அதைச் சாய்த்துவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டு எழுதியிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் போய்ப் பார்த்தோம். சிலுவையின் அடி உளுத்துச் சாய்ந்திருந்தது. என் மனைவி புல்லைப் பிடுங்கி, மண்ணை அணைத்து, சிலுவையை நிமிர்த்தி நட்டு, இரண்டு கல்லை முட்டுக்கொடுத்தாள். நிற்கிறது என்று எழுதச் சொன்னாள். கிளாக்கர் ஐயா எழுதினார். நான்தான் கந்தப்பளைத் தபால் கந்தோரில் கடிதத்தைப் போட்டேன். அதற்குள் கடலில் சண்டை வந்துவிட்டது, கப்பல்கள் சரியாகப் போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பதில் ஏதும் வரவில்லை. அந்தக் கடிதம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.